குரோஷியாவுக்கு முதல் பயணம்: ஸ்பிளிட்டில் தங்குவதா, டுப்ரோவ்னிக்கிலா, இஸ்திரியாவிலா?

குரோஷியா என்றதும் பலர் மனதில் முதலில் எழும் படம் டுப்ரோவ்னிக்தான். செங்கல் நிற ஓட்டுக் கூரைகள், சுற்றிலும் மதில், மதிலடியில் நீலக்கடல். அந்தப் படத்தை நம்பி எட்டு ராத்திரியையும் அங்கேயே புக் செய்துவிட்டு, மூன்றாம் நாள் மாலை "இனி எங்கே போவது?" என்று விழிப்பவர்கள் நிறைய. ஊரின் மேல் எந்தக் குறையும் இல்லை. ஆனால் அது நாட்டின் தென்கோடியில் இருக்கிறது. ரயில் பாதை ஸ்பிளிட்டோடு நின்றுவிடுகிறது, டுப்ரோவ்னிக்குக்கு ரயிலே கிடையாது. அங்கிருந்து வேறு எங்கு போகவும் நீண்ட பஸ் பயணம் அல்லது நீண்ட படகுப் பயணம்தான்.

திட்டு, பாறை எல்லாம் சேர்த்து ஆயிரத்து இருநூறுக்கு மேற்பட்ட தீவுகள் உள்ள நாடு இது. அதனால் எந்த ஊரில் தங்குவது என்பதை, அந்த ஊரின் துறையிலிருந்து காலையில் கிளம்பும் படகுகள் எங்கெங்கே போகின்றன என்று பார்த்து முடிவு செய்வதுதான் சரி. அப்படிப் பார்த்தால் முதல் பயணத்துக்கு ஸ்பிளிட் முன்னால் நிற்கிறது. எட்டு ராத்திரி கையில் இருந்தால் எங்கள் பரிந்துரை இது: ஸ்பிளிட்டில் நான்கு, ஒரு தீவில் இரண்டு, கடைசியில் டுப்ரோவ்னிக்கில் இரண்டு. விமானத்தில் ஸ்பிளிட்டில் இறங்கி, டுப்ரோவ்னிக்கிலிருந்து திரும்புவது. போன வழியிலேயே திரும்பி வந்தால் ஒரு முழு நாள் வீண். டிக்கெட் தேடும்போது 'மல்டி சிட்டி' என்ற இடத்தில் தேடினால் இந்த மாதிரிப் பயணம் கிடைக்கும். பெரும்பாலும் விலை வித்தியாசம் அந்த ஒரு நாள் செலவை விடக் குறைவாகவே இருக்கும்.

ஸ்பிளிட் ஏன்

ரோமப் பேரரசர் டயோக்ளீஷியன் பதவியைத் துறந்து ஓய்வெடுக்க கி.பி. 305 வாக்கில் கடலோரத்தில் ஓர் அரண்மனை கட்டினார். அந்த அரண்மனைதான் ஸ்பிளிட்டின் பழைய நகரம். டிக்கெட் வாங்கி உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வெளியே வரும் மாளிகை என்று நினைக்க வேண்டாம். சுவருக்குள் வீடுகளில் ஆட்கள் குடியிருக்கிறார்கள், கொடியில் துணி காய்கிறது, ரோமத் தூணில் சாய்ந்து உட்கார்ந்து காபி குடிக்கலாம். எகிப்திலிருந்து கொண்டுவந்த கருங்கல் ஸ்பிங்க்ஸ் ஒன்று முற்றத்து ஓரத்தில் இன்னும் படுத்திருக்கிறது. தெருக்களில் நடக்கக் கட்டணம் இல்லை. நிலவறைகளுக்கும் தேவாலயத்துக்கும் மணிக்கூண்டுக்கும் மட்டும் டிக்கெட்.

ஆனால் அரண்மனைக்குள் அறை எடுக்க வேண்டாம். கோடையில் நள்ளிரவு தாண்டியும் கீழே மதுக்கடைச் சத்தம் ஓயாது, கல் சந்துகள் அந்தச் சத்தத்தை அப்படியே மேலே அனுப்பும். மார்யன் குன்றின் அடிவாரத்தில் உள்ள வாரோஷ், அல்லது கிழக்கே உள்ள மானுஷ், லூச்சாட்ஸ் பகுதிகளில் எடுத்தால் பத்து நிமிட நடையில் அரண்மனை, ராத்திரி நிம்மதியான தூக்கம்.

ஸ்பிளிட்டின் உண்மையான பலம் அதன் துறைமுகம். ரயில் நிலையம், பஸ் நிலையம், படகுத்துறை மூன்றும் ஒரே தெருவில் வரிசையாக இருக்கின்றன. அரண்மனையிலிருந்து சில நிமிட நடை. விமான நிலையப் பஸ்ஸும் அங்கேயே வந்து நிற்கும். பெட்டியை இழுத்துக்கொண்டு ஊர் முழுக்க அலைய வேண்டியதில்லை. ப்ராச் தீவின் சூபெட்டார் ஊருக்கு 50 நிமிடம், ஹ்வார் தீவுக்கு 1 முதல் 2 மணி நேரம், விஸ் தீவுக்குப் பெரிய படகில் 2 மணி 20 நிமிடம். தரை வழியில் டிரோகிர் என்ற பழைய ஊர், கிர்கா நீர்வீழ்ச்சி இரண்டுமே ஒரு நாளில் போய்வரக்கூடிய தூரம்.

டுப்ரோவ்னிக்: இரண்டு ராத்திரி ஏன் போதும்

டுப்ரோவ்னிக்கின் மதில் 1,940 மீட்டர் நீளம், சில இடங்களில் 25 மீட்டர் உயரம். மேலே ஏறிச் சுற்றி வர ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். ஒரே திசையில்தான் நடக்க வேண்டும், பாதியில் மனம் மாறித் திரும்பி வர முடியாது. நிழல் என்பது அநேகமாகக் கிடையாது. கோடையில் காலை 8 மணிக்குத் திறக்கும்போதே பிளோச்சே பக்க வாசலில் நில்லுங்கள். மேற்கே பிலே வாசலில்தான் சுற்றுலாக் குழுக்கள் குவியும். பத்து மணிக்கு ஏறினால் வெயிலும் கூட்டமும் ஒன்றாகச் சேர்ந்து, முன்னால் நிற்பவரின் முதுகைத்தான் பார்க்க முடியும்.

கட்டணம் 2025-ல் 40 யூரோ. மதிலுக்கு மட்டும் டிக்கெட் எடுத்தாலும் 40, மதில், அருங்காட்சியகங்கள், நகரப் பஸ் எல்லாம் சேர்ந்த ஒரு நாள் 'டுப்ரோவ்னிக் பாஸ்' எடுத்தாலும் 40. இது தெரியாமல் வாசலில் மதில் டிக்கெட்டை மட்டும் வாங்கிவிட்டு, பஸ்ஸுக்குத் தனியாகக் காசு கொடுப்பவர்கள் தினமும் இருக்கிறார்கள். பாஸையே வாங்குங்கள்.

உல்லாசக் கப்பல்கள் வரும் நாட்களில் பழைய நகரம் பகல் முழுவதும் நெரியும். நகராட்சி 2019 முதல் ஒரே நேரத்தில் இரண்டு கப்பலுக்கு மேல் வராமல் பார்த்துக்கொள்கிறது. இருந்தாலும் இரண்டு கப்பல் என்றால் சுமார் 4,000 பேர். எந்த நாளில் எத்தனை கப்பல் என்று துறைமுகத்தின் இணையதளத்தில் முன்கூட்டியே போட்டுவிடுகிறார்கள். உங்கள் இரண்டு ராத்திரியை கப்பல் குறைந்த நாட்களில் வைத்துக்கொள்ளலாம். முடியாவிட்டால் காலை ஒன்பதுக்கு முன்பும் மாலை ஐந்துக்குப் பின்பும் ஊருக்குள் இருங்கள், நடுப்பகலில் லோக்ரும் தீவுக்குப் போய்விடுங்கள். பழைய துறையிலிருந்து பத்துப் பதினைந்து நிமிடப் படகு. மயில்கள் திரியும் பைன் மரக் காடு, பாறையிலிருந்து குதிக்க நல்ல கடல்.

அறை தேடும்போது படத்தைப் பார்த்து மயங்கும் முன் ஒரு கேள்வியைக் கேளுங்கள்: தெருவிலிருந்து எத்தனை படி? பழைய நகரத்தின் நடுத்தெருவான ஸ்ட்ராடூன் சமதளம். அதற்கு வடக்கே போகும் ஒவ்வொரு சந்தும் மேலே மேலே ஏறும் கல் படிக்கட்டு. ஆண்டுக்கணக்கில் கால் பட்டுப் பட்டு அந்தச் சுண்ணாம்புக் கல் வழவழப்பாகிவிட்டது. மழை பெய்தால் எண்ணெய் தடவினது போல வழுக்கும். 23 கிலோ பெட்டியோடு நூறு படி ஏறுவது வயதான அம்மா அப்பாவைக் கூட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு நடக்காத காரியம். அவர்களுக்கு லாபாத் பகுதி நல்லது. 6-ம் எண் பஸ் பிலே வாசலில் கொண்டுவந்து இறக்கிவிடும். செலவைக் குறைக்க நினைப்பவர்களுக்கு கிரூஷ். பஸ் நிலையமும் படகுத்துறையும் அங்கேதான். ஸ்பிளிட்டிலிருந்து வரும் படகு பழைய நகரத்தின் அழகான சின்னத் துறைக்கு வராது, மூன்று கிலோமீட்டர் தள்ளி கிரூஷுக்குத்தான் வரும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

டுப்ரோவ்னிக்கை மட்டுமே அடிப்படை ஊராக வைக்க நியாயமான காரணம் ஒன்று உண்டு. மொத்தமே நான்கு நாள்தான், ஓர் ஊரில் அமர்ந்து ஓய்வெடுத்தால் போதும் என்றால் டுப்ரோவ்னிக்கே சரி. பக்கத்தில் லோபுட் தீவில் ஷூன் என்ற மணல் கடற்கரை இருக்கிறது, குரோஷியாவில் மணல் அபூர்வம். ஆனால் ஒரே தரத்து அறைக்கும் சாப்பாட்டுக்கும் ஸ்பிளிட்டை விட இங்கே கணிசமாக அதிகம் ஆகும்.

இஸ்திரியா யாருக்கு

வடமேற்கு மூலையில் உள்ள இந்தத் தீபகற்பம் வேறு ஒரு நாடு போலவே இருக்கும். தெருப் பெயர்கள் குரோஷிய மொழியிலும் இத்தாலிய மொழியிலும் இருக்கும். பூலாவில் முதலாம் நூற்றாண்டு ரோம அரங்கம், போரெச்சில் பொன் மொசைக் பதித்த ஆறாம் நூற்றாண்டுத் தேவாலயம், உள்நாட்டில் மோட்டோவுன் போன்ற குன்றூர்கள். மோட்டோவுன் காட்டில் இலையுதிர் காலத்தில் நாயை வைத்துத் தேடி எடுக்கும் வெள்ளை டிரஃபிள், வாசனைக்காகவே விலை போகும் காளான். சாப்பாட்டுக்காகப் பயணம் போகிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு இங்கே போகலாம்.

ஆனால் கார் இல்லாமல் குன்றூர்களைப் பார்ப்பது கஷ்டம். பூலாவிலிருந்து ஸ்பிளிட் ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல், இரண்டையும் ஒரே வாரத்தில் சேர்த்தால் பாதி நாள் சாலையிலேயே போய்விடும். வெனிஸ் அல்லது ஸ்லோவேனியாவோடு சேர்த்துப் பயணம் என்றால் மட்டும் இஸ்திரியாவைத் தேர்ந்தெடுங்கள். கோடையில் வெனிஸிலிருந்து நேரடிப் பயணிகள் படகும் உண்டு.

கட்டுமரமா, த்ரயெக்டா

இந்த நாட்டில் படகு வகை இரண்டு. கார், லாரி, ஆட்கள் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு நிதானமாகப் போவது 'த்ரயெக்ட்'. ஆட்களை மட்டும் ஏற்றிக்கொண்டு வேகமாகப் போவது 'கட்டமரான்'. தமிழின் கட்டுமரம்தான் ஆங்கிலம் வழியாக உலகம் சுற்றி அட்ரியாட்டிக் கடல் டிக்கெட்டிலும் அச்சாகிக் கிடக்கிறது. முதல் பயணத்தில் அதிகம் தடுமாறுவது இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதில்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

கட்டமரான் டிக்கெட் குறிப்பிட்ட நாள், குறிப்பிட்ட நேரத்துக்கானது. இடம் தீர்ந்தால் தீர்ந்ததுதான். ஜூலை, ஆகஸ்டில் முந்தைய நாள் கேட்டால் பல தடங்களில் கிடைக்காது. ஆன்லைனில் விற்பனை திறந்ததும் வாங்கிவிடுங்கள். இருக்கை எண் பெரும்பாலும் கிடையாது, அரை மணி முன்னால் போய் வரிசையில் நில்லுங்கள். பெட்டியை ஏறும் இடத்திலேயே எல்லோர் பெட்டியோடும் அடுக்கச் சொல்வார்கள். நடுவழித் தீவில் படகு ஐந்து நிமிடம்தான் நிற்கும். உங்கள் ஊர் வரும் முன்பே கீழே வந்து பெட்டி பக்கத்தில் நின்றுகொள்ளுங்கள். இல்லையென்றால் அடியில் சிக்கிய பெட்டியை இழுப்பதற்குள் படகு கிளம்பிவிடும்.

த்ரயெக்ட் வேறு மாதிரி. அரசு நிறுவனமான யாத்ரோலினியா நடத்தும் இந்தப் படகுகளில் நடந்து ஏறும் பயணிக்கு இடம் இல்லை என்ற நிலை அபூர்வம். கார் வைத்திருப்பவருக்குத்தான் சோதனை. அவர் டிக்கெட் எடுத்திருந்தாலும் வரிசையில் வந்த ஒழுங்கில்தான் ஏற்றுவார்கள், ஆகஸ்ட் சனிக்கிழமையில் இரண்டு படகு போன பிறகு மூன்றாவதில் இடம் கிடைப்பது சாதாரணம். அதனால்தான் ஸ்பிளிட், தீவு, டுப்ரோவ்னிக் என்ற பயணத்துக்கு வாடகைக் கார் வேண்டாம் என்கிறோம். இரண்டு ஊரிலும் பழைய நகரத்துக்குள் கார் போகாது, நிறுத்த இடத்துக்குக் கொடுக்கும் காசு தனி.

இன்னொரு கண்ணி: ஸ்பிளிட்டிலிருந்து 'ஹ்வார்' போகும் த்ரயெக்ட் ஹ்வார் நகரத்துக்குப் போகாது. தீவின் இன்னொரு பக்கம் உள்ள ஸ்டாரி கிராடில் இறக்கிவிடும். அங்கிருந்து ஹ்வார் நகரம் 20 கிலோமீட்டர், பஸ் பிடிக்க வேண்டும். கட்டமரான்தான் நேரே ஹ்வார் நகரத்துக்குப் போகும். ஆனால் ஸ்டாரி கிராடில் இறங்கி அங்கேயே தங்குவது தவறான யோசனை இல்லை. ஹ்வார் நகரத்தில் விலையும் ராத்திரிக் கொண்டாட்டமும் அதிகம். ஸ்டாரி கிராடை ஒட்டிய சமவெளியில் கி.மு. நான்காம் நூற்றாண்டில் கிரேக்கர்கள் கல் வரப்புப் போட்டுப் பிரித்த வயல்கள் இன்றும் அதே அளவில் திராட்சையும் ஆலிவும் விளைவிக்கின்றன. 2008-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த இடம். வாடகை சைக்கிளில் ஒரு காலைப் பொழுதில் சுற்றிவிடலாம்.

எந்தத் தீவு என்ற கேள்விக்கு: குழந்தைகளோடு போனால் ப்ராச். அங்கே போல் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஸ்லாட்னி ராட் என்று ஒரு கூழாங்கல் முனை கடலுக்குள் நாக்கு நீட்டிய மாதிரி நீண்டு கிடக்கிறது. காற்றும் நீரோட்டமும் மாற மாற அதன் நுனி இடமும் வலமும் வளையும். அமைதி மட்டும் வேண்டுமென்றால் விஸ். யூகோஸ்லாவிய ராணுவத் தளமாக இருந்ததால் 1989 வரை வெளிநாட்டவரை உள்ளே விடவில்லை. பெரிய ஓட்டல்கள் முளைக்காமல் தப்பித்தது அதனால்தான். விஸ் பக்கத்தில் பிஷேவோ தீவின் நீலக் குகையைப் பார்க்க ஆசைப்பட்டால் ஒன்று தெரிந்திருக்க வேண்டும்: அலை கொஞ்சம் எழும்பினாலும் குகையை மூடிவிடுவார்கள். முன்பணம் கட்டும் முன், மூடினால் பணம் திரும்பக் கிடைக்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மாதமும் காற்றும்

ஜூன், செப்டம்பர் இரண்டும் முதல் தேர்வு. செப்டம்பரில் கடல் இன்னும் 23 டிகிரி இருக்கும், ஆகஸ்ட் கூட்டம் கலைந்திருக்கும். மே மாதத்தில் ஊர் அழகாக இருந்தாலும் கடல் 18 டிகிரிதான். வங்கக்கடலின் வெதுவெதுப்புக்குப் பழகிய உடம்புக்கு அது ஐஸ் தண்ணீர். அக்டோபர் கடைசியில் ஸ்பிளிட்–டுப்ரோவ்னிக் கட்டமரான் நின்றுவிடும், குளிர்காலத்தில் பஸ் மட்டுமே.

இரண்டு காற்றின் பெயர் தெரிந்திருக்க வேண்டும். நம் வாடையைப் போல வடகிழக்கிலிருந்து, மலையிலிருந்து கடலை நோக்கிக் குளிராக அறைவது 'புரா'. தென்கிழக்கிலிருந்து மேகமும் மழையும் பெரிய அலையுமாக வருவது 'யூகோ'. யூகோ பலமாக வீசினால் கட்டமரான் முதலில் ரத்தாகும், கனமான த்ரயெக்ட் பெரும்பாலும் ஓடும். இது வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் அதிகம்.

கரையில் இன்னொரு விஷயம். கடற்கரை பெரும்பாலும் கூழாங்கல், பாறை. தண்ணீருக்குள் கறுப்பாக உருண்டையாக ஒட்டிக்கொண்டிருப்பது கடல் முள்ளெலி. மிதித்தால் முள் காலுக்குள் ஒடிந்து நின்றுவிடும், விடுமுறை அங்கேயே முடிந்த மாதிரி. தண்ணீரில் போடும் ரப்பர் செருப்பு எந்தக் கடையிலும் மலிவாகக் கிடைக்கும், முதல் நாளே வாங்கிவிடுங்கள்.

விசா: ஒருமுறை நுழைவா, பலமுறை நுழைவா

குரோஷியா 2023 ஜனவரி 1 அன்று ஒரே நாளில் ஷெங்கனிலும் (ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டம்) யூரோவிலும் சேர்ந்தது. இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கன் விசா வேண்டும். பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 வயது முதல் 12 வயது நிறையாத குழந்தைகளுக்கு 45 யூரோ, விண்ணப்ப மையக் கட்டணம் தனி. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம். முடிவு 15 நாளில் என்பது விதி, 45 நாள் வரை இழுக்கவும் விதியில் இடமுண்டு. எந்த நாட்டில் அதிக ராத்திரியோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும், சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாட்டிடம்.

கையில் வந்த விசாவில் 'ஒருமுறை நுழைவு' என்று இருந்தால் திட்டத்தை மறுபடி பாருங்கள். டுப்ரோவ்னிக்கில் தெருவுக்குத் தெரு விற்கும் ஒருநாள் சுற்றுலாக்கள், போஸ்னியாவின் மோஸ்டார், மாண்டினீக்ரோவின் கோட்டோர். இரண்டும் ஷெங்கனுக்கு வெளியே. காலையில் எல்லை தாண்டினால் மாலையில் திரும்பி வர உங்களுக்கு விசா கிடையாது, பெட்டி டுப்ரோவ்னிக் அறையில் இருக்கும், நீங்கள் எல்லையில் நிற்பீர்கள். சுற்றுலா விற்பவர் பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது என்று கேட்க மாட்டார். இந்தத் தப்பை அங்கே போய் யாரும் சரிசெய்ய முடியாது என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம்.

ஸ்பிளிட்–டுப்ரோவ்னிக் பஸ்ஸிலும் இதே கவனம் வேண்டும். வழியில் நேயும் என்ற இடத்தில் போஸ்னியா ஒரு சின்னத் துண்டாகக் கடலைத் தொட்டு, குரோஷியாவை இரண்டாக வெட்டுகிறது. 2022 ஜூலையில் திறந்த 2.4 கிலோமீட்டர் பெல்யெஷாட்ஸ் பாலம் கடல் மேலாக அந்தத் துண்டைச் சுற்றிக்கொண்டு போகிறது. டிக்கெட் வாங்கும் முன் "பாலம் வழியாகப் போகும் பஸ்தானே?" என்று கேட்டு உறுதி செய்யுங்கள்.

விமானத்தில் ஃபிராங்க்ஃபர்ட் வழியாகப் போனால் குடிநுழைவுச் சோதனை ஸ்பிளிட்டில் இல்லை, ஃபிராங்க்ஃபர்ட்டிலேயே நடக்கும். 2025 அக்டோபர் முதல் முகப்படம், விரல்ரேகை சரிபார்ப்போடு பதிவு செய்யும் முறை வந்திருப்பதால் வரிசை நீளும். அடுத்த விமானத்துக்கு மூன்று மணி நேரமாவது இடைவெளி வையுங்கள்.

சாப்பாடும் காசும்

மீன் உணவகங்களில் பட்டியலில் இருக்கும் விலை ஒரு கிலோவுக்கு. தட்டில் வரும் முழு மீன் எத்தனை கிராம் என்று சுட வைக்கும் முன் கேட்டால் பில்லில் அதிர்ச்சி இருக்காது. சைவம் சாப்பிடுவோருக்கு பிளிட்வா இருக்கிறது. கீரையும் உருளைக்கிழங்கும் பூண்டு, ஆலிவ் எண்ணெயில் பிரட்டியது. மீனுக்குத் தொட்டுக்கொள்ளத் தருவதைத் தனியாகக் கேட்டால் ஒரு தட்டு தருவார்கள். ஸ்பிளிட் பக்கம் மெல்லிய மாவுக்குள் கீரை வைத்துச் சுடும் சோபார்னிக்கும் சைவம்தான். காலையில் 'பெகாரா' என்ற பேக்கரிகளில் சீஸ் வைத்த புரெக். ஏ.டி.எம்., கார்டு மெஷின் இரண்டும் "ரூபாயில் எடுக்கட்டுமா?" என்று கேட்கும். யூரோவையே அழுத்துங்கள், ரூபாயை அழுத்தினால் மாற்று விகிதத்தில் நஷ்டம்.

நீர்வீழ்ச்சி பார்க்க ஆசை இருந்தால், தலைநகர் ஜாக்ரெப்பில் இறங்குபவர்கள் வழியிலேயே ப்ளிட்விட்சேயில் ஒரு ராத்திரி தங்கிவிட்டு ஸ்பிளிட் வரலாம். பதினாறு ஏரிகள், கோடையில் 40 யூரோ, மணி குறித்த டிக்கெட், முன்பதிவு அவசியம். நேரே ஸ்பிளிட்டில் இறங்குபவர்களுக்குக் கிர்கா போதும். இரண்டு இடத்திலும் அருவியடியில் குளிக்க முடியாது. ப்ளிட்விட்சேயில் நீந்தவே கூடாது, கிர்காவின் பெரிய அருவியில் 2021 முதல் தடை. பழைய வீடியோக்களை நம்பி நீச்சல் உடை எடுத்துக்கொண்டு போகாதீர்கள்.

கடைசியாகத் தேதி குறிக்கும்போது: ஸ்பிளிட்டிலிருந்தோ தீவிலிருந்தோ டுப்ரோவ்னிக் வரும் கட்டமரானை, ஊர் திரும்பும் விமானத்துக்குக் குறைந்தது ஒரு முழு நாள் முன்னால் வையுங்கள். யூகோ வீசிப் படகு ரத்தானால் ஸ்பிளிட் துறைக்கு எதிரே இருக்கும் பஸ் நிலையத்துக்கு நடந்து போய் டுப்ரோவ்னிக் பஸ் ஏறலாம், 230 கிலோமீட்டர், நாலரை மணி நேரம். தீவில் மாட்டிக்கொண்டால் முதலில் த்ரயெக்டில் ஸ்பிளிட், பிறகு அந்தப் பஸ். அதற்கே பகல் முழுக்கப் போய்விடும்.